கரிசல் மண்ணில் குதிரைச் சவாரிக் களம்: தேங்கும் நீருக்கும் வெடிக்கும் தரைக்கும் வழி என்ன?

உடுமலைக் கரிசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே உள்ள எங்கள் தோட்டத்தில் நான்கு குதிரைகளை வளர்த்து வருகிறோம். இரண்டு, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரைகள், ஒன்று மார்வாரி, இன்னொன்று குழந்தைகள் ஏறிப் பழகும் மட்டக்குதிரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட சவாரிக் களம் ஒன்றை அமைத்தோம். ஒப்பந்தக்காரர் ஜே.சி.பி. கொண்டு ஓர் அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்து, அடியை ரோலரால் இறுக்கி, அந்தக் குழி முழுவதையும் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கொண்டு நிரப்பினார். முதல் கோடையில் களம் மிக நன்றாக இருந்தது.

அந்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தவுடன் நிலைமை மாறிவிட்டது. மழை நின்று ஒன்பது நாள் கழிந்தும் மணலுக்குள் தண்ணீர் நின்றது. பொறுமையிழந்து குதிரையை இறக்கியபோது, அதன் குளம்பு அடியில் இருந்த கருமண்ணை மேலே இழுத்து வந்து மணலோடு கலந்துவிட்டது. அடுத்த கோடையில் அடித்தரை வெடித்து, அந்த வெடிப்புகளுக்குள் மணல் இறங்கியதால் மேற்பரப்பில் கைப்பிடி அகலத்துக்குப் பள்ளங்கள் தோன்றின. அப்படி ஒரு பள்ளத்தில் கேண்டர் என்ற மிதவேக ஓட்டத்தில் கால் வைத்த எங்கள் பெண் குதிரைக்கு இடது முன்காலின் தசைநாண் பாதிக்கப்பட்டு, இன்றுவரை லாயத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், தரையைப் பற்றி முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போனோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஒப்பந்தக்காரர் இன்னும் அரையடி மணல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். வேறொருவர் ஐந்து மீட்டருக்கு ஒன்றாகக் களத்தின் குறுக்கே துளைக்குழாய் பதிக்கச் சொல்கிறார். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சற்றே சரிந்துள்ளது. மேற்கே பக்கத்துத் தோட்டத்து மக்காச்சோளக் காடு, அதற்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீர் பாய்கிறது. களத்தின் மேற்கு ஓரத்தில் எங்கள் தென்னை வரிசை உள்ளது. கிழக்கே அறுபது மீட்டர் தொலைவில் ஓர் ஓடை ஓடுகிறது. இருக்கும் களத்தைச் சீர் செய்யலாமா, அல்லது எல்லாவற்றையும் அள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மண்ணியல் பொறியாளர் எழுதியது:

ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள்: இன்னொரு டிப்பர் மணலுக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் களத்தின் குறை மணலில் தொடங்கவில்லை. அந்த ஓர் அடிக் குழியை எடுத்த நாளில் தொடங்கியது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 800 சதுர மீட்டர் பரப்பில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பிய மணலின் கொள்ளளவு 240 கன மீட்டர். இறுக்கமில்லாத மணலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இருக்கும். அதாவது 80 கன மீட்டர், 80,000 லிட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பதால், 100 மில்லிமீட்டர் மழை உங்கள் களத்தின் மீது சரியாக 80,000 லிட்டரைக் கொட்டுகிறது. ஆக, ஒரே ஒரு கனமழை அந்தக் குழியை விளிம்பு வரை நிரப்பிவிடும். மேற்கே இருந்து ஊறி வரும் தண்ணீரை நான் இதில் சேர்க்கவே இல்லை. உங்களுக்குக் கட்டித் தரப்பட்டது மணல் நிரப்பிய தண்ணீர்த் தொட்டி. அதில் மேலும் அரையடி மணலைப் போட்டால் தொட்டியின் கொள்ளளவு கூடுமே தவிர, தண்ணீர் வெளியேறாது.

இனி கரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் மிகுதியாக உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமம் (களிமண்ணில் உள்ள கனிமம்) தண்ணீரைத் தன் ஏடுகளுக்கிடையே இழுத்துக்கொண்டு வீங்கும்; காயும்போது சுருங்கும். கோடையில் ஒரு மீட்டர் ஆழம் வரைகூட வெடிப்பு இறங்கும். முதல் மழை அந்த வெடிப்புகளின் வழியே மடமடவென்று உள்ளே போவதைப் பார்த்து, மண் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஓரிரு நாளில் மண் வீங்கி வெடிப்புகள் மூடிக்கொண்டால், அதன்பின் தண்ணீர் கீழே இறங்குவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே இந்த மண்ணில் தண்ணீரைக் கீழே அனுப்பும் எந்தத் திட்டமும் பயன் தராது. பக்கவாட்டில்தான் அனுப்ப வேண்டும். அதற்குக் களம் சுற்றுத் தரையைவிட உயர்ந்திருக்க வேண்டும்.

குழாய் யோசனையில் எனக்குள்ள தயக்கமும் இதனால்தான். கரிசலுக்குள் வெட்டப்படும் ஒவ்வொரு கால்வாயும் தண்ணீரைக் களிமண்ணின் அடிவயிற்றுக்குக் கொண்டுபோகும். கால்வாயை ஒட்டிய மண் வீங்கும், நடுவில் உள்ள மண் வீங்காது. இரண்டு பருவத்தில் உங்கள் களம் வரப்பும் பாத்தியுமாக மாறிவிடும்.

மேற்கொண்டு பேசுவதற்கு முன், களத்துக்கு வெளியே மேற்கிலும் கிழக்கிலும் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இரண்டு சோதனைக் குழிகள் எடுங்கள். எந்த ஆழத்தில் எந்த மண், எங்கிருந்து ஊற்று வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கரிசலில் ஒரு கூடை எடுத்துக் கோவையில் உள்ள ஏதேனும் மண் பரிசோதனைக் கூடத்தில் கட்டற்ற வீக்கச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சலித்த மண் பத்துக் கிராமை ஒரு குடுவையில் மண்ணெண்ணெயிலும் இன்னொரு குடுவையில் தண்ணீரிலும் இட்டு, 24 மணி நேரம் கழித்து இரண்டின் கன அளவையும் ஒப்பிடும் எளிய சோதனை அது. மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் இந்த அளவு 50 விழுக்காட்டைத் தாண்டிய மண்ணைக் கரை நிரப்ப அனுமதிப்பதில்லை.

பயிற்சியாளர் எழுதியது:

பொறியாளர் ஐயா தரையைப் பற்றிச் சொல்லிவிட்டார்; நான் அதன் மேல் நிற்கும் உயிரைப் பற்றிச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாகக் குதிரையேற்றம் கற்பித்து வருகிறேன்.

சுமார் 450 முதல் 500 கிலோ எடையுள்ள தரோபிரெட் முழு வேகத்தில் பாயும்போது, ஒரே காலின் மீது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை விசை இறங்குகிறது. தரை கடினமாக இருப்பதைக் குதிரை ஓரளவு கணித்துத் தன் நடையை மாற்றிக்கொள்ளும். ஆழமாக இருப்பதையும் மெதுவாகப் பழகிக்கொள்ளும். ஓரடி இறுக்கமாகவும் அடுத்த அடி குழைவாகவும் இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. அந்த வேறுபாடு முழுவதும் தசைநாணில்தான் போய் விழும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2014-இல் வெளியிட்ட தரை பற்றிய வெள்ளை அறிக்கையிலும் கடினம், மெத்துத்தன்மை, எதிர்வினை, பிடிப்பு ஆகியவற்றோடு சீர்மை தனிப் பண்பாக வைக்கப்பட்டிருக்கிறது. என் அனுபவத்தில் சீர்மையை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

எனவே தரை சீராகும் வரை அந்தக் களத்தில் நடைக்கு மேல் எதுவும் வேண்டாம், ஐயா. ஓர் அடி மணல் என்பதே குதிரைக்குப் பெருந்தவறு. இறுகிய அடித்தளத்தின் மேல் பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் மணல் போதும்; அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அடியிலும் குதிரை தன்னைத் தானே தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். அடிபட்ட குதிரையை மருத்துவர் அனுமதிக்கும்போது, சமமான உறுதித் தரையில் கையில் பிடித்து நடத்துங்கள். தசைநாண் ஆற ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம், அவசரம் வேண்டாம்.

கோத்தகிரிச் சரிவு எழுதியது:

எங்கள் மண் வேறு, மழை வேறு. ஆனாலும் ஒன்று பொதுவாகப் பொருந்தும். நாங்கள் சரிவின் மேற்பகுதியை வெட்டி அந்த மண்ணைக் கீழ்ப்பகுதியில் நிரப்பிச் சமதளம் உண்டாக்கினோம். வெட்டிய பாதி பாறை போல நின்றது. நிரப்பிய பாதி முதல் மழைக்காலத்திலேயே ஒரு சாண் இறங்கியது. மண்ணை அரையடிக்கு ஒரு முறை இறுக்காமல் ஒட்டுமொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டியது எங்கள் பிழை.

அதைவிடப் பெரிய பாடம் மேற்புறத்துத் தண்ணீர். களத்தின் மீது விழும் மழையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அதைப் போலப் பல மடங்கு. களத்துக்கு மேலே ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டிய பிறகுதான் எங்கள் அடித்தளம் காய்ந்தது. உங்களுக்கு மேற்கே பாசனக் காடு இருக்கிறது என்பதால், களத்துக்குள் கைவைக்கும் முன் அந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தடுத்துவிடுங்கள். நீலகிரியில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், மண்வெட்டும் இயந்திரம் இறக்கும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைப் பெற மறக்க வேண்டாம்.

உடுமலைக் கரிசல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சோதனைக் குழிகளின் முடிவுகளைத் தருகிறேன்.

இரண்டு குழியிலும் ஒன்றேகால் மீட்டர் வரை தூய கரிசல். அதன் கீழே வெள்ளைச் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண் தொடங்குகிறது. வீக்கச் சோதனையின் முடிவு 85 விழுக்காடு. கிழக்குக் குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முதல் நாள் மூன்று மணி நேரத்தில் முழுவதும் காணாமல் போனது. மூன்றாம் நாள் மூன்றாம் முறையாக ஊற்றியபோது, இரவு முழுவதும் கழிந்தும் கட்டைவிரல் அகலம்கூட இறங்கவில்லை. பொறியாளர் ஐயா எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது.

மேற்குக் குழி வறண்டே இருந்தது. எங்கள் மண்டலத்துக்கு முறை வந்து பி.ஏ.பி. தண்ணீர் திறந்த பிறகு, பக்கத்துக் காட்டில் இரண்டாம் தண்ணீர் பாய்ந்த மறுநாள், தரையிலிருந்து இரண்டடி ஆழத்தில் குழியின் மேற்குச் சுவர் கசியத் தொடங்கியது. மழையே இல்லாத நாளில் களம் ஏன் ஈரமாக இருந்தது என்ற என் நெடுநாள் ஐயம் அன்று தீர்ந்தது. தென்னை வேர்கள் களத்துக்குள் மூன்று மீட்டர் தூரம் வந்திருப்பதையும் கண்டேன்.

இன்னொரு கேள்வி. எங்கள் ஏரியில் வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி தருகிறார்கள். களத்தை உயர்த்த அந்த வண்டலைப் பயன்படுத்தலாமா? சுண்ணாம்பு கலந்தால் கரிசல் வீங்காது என்றும் ஒருவர் கூறினார்.

மண்ணியல் பொறியாளர் எழுதியது:

ஏரி வண்டல் வயலுக்கு அமுதம், களத்துக்கு ஆகாது. அதுவும் நுண்களியே. கரிசலின் மேல் இன்னொரு கரிசலை ஏற்றியது போலாகும்.

சுண்ணாம்பு உண்மையிலேயே வேலை செய்யும் வழி. நான்கு விழுக்காட்டளவில் நீற்றுச் சுண்ணாம்பைச் சீராகக் கலந்து, ஈரம் காத்து இறுக்கினால் களிமத்தின் தன்மையே மாறி வீக்கம் வெகுவாகக் குறையும். ஆனால் ஈரக் கரிசலைக் கட்டியில்லாமல் பொடித்துக் கலப்பது எளிதன்று. ரோட்டவேட்டர் பல முறை ஓட வேண்டும். கலவாத கட்டிகள் உள்ளே இருந்தால் அந்த இடங்கள் மட்டும் வீங்கும். சீர்மையே முக்கியம் என்று பயிற்சியாளர் அம்மா எழுதியதை நினைத்தால், உங்களுக்கு நான் கிராவலையே பரிந்துரைப்பேன்.

வீங்கும் மண்ணின் மேல் வீங்காத, பிசுபிசுப்புள்ள மண்ணை ஓர் அடுக்காகப் போட்டு வீக்கத்தை அடக்கும் முறையைப் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி என்பவர் கால்வாய்களுக்காக உருவாக்கினார். அங்கே ஒரு மீட்டர் அளவுக்கு அடுக்கு போடுவார்கள். களத்தின் மேல் கட்டடமோ கால்வாய்க் காரையோ இல்லை என்பதால், 45 சென்டிமீட்டர் செங்கிராவல் போதும் என்பது என் மதிப்பீடு. 15 சென்டிமீட்டர் வீதம் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். விளிம்பு சரியாமல் இருக்க 22-க்கு 42 மீட்டராக மேடை அமைத்தால், இறுகிய நிலையில் ஏறத்தாழ 147 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). தளர்ந்த நிலையில் கால் பங்கு கூடுதலாக, மூன்று யூனிட் டிப்பரில் அறுபது நடை வரும். கனிமவளத் துறையின் நடைச்சீட்டு உள்ள வண்டியை மட்டும் உள்ளே விடுங்கள்.

அதன் மேல் வெட் மிக்ஸ் (தண்ணீர் கலந்து இறுக்கும் ஜல்லி-தூசிக் கலவை) பத்து சென்டிமீட்டர், அதன் மேல் நேரடியாக மணல். மேடை முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காக நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு; 20 மீட்டர் அகலத்தில் 20 சென்டிமீட்டர் இறக்கம். தண்ணீர் மணலின் அடியில் சரிந்து கிழக்கு விளிம்புக்குப் போய்விடும்.

வடிகால் வேலையாள் எழுதியது:

பொறியாளர் ஐயா கூறிய மேடையை முழுமையாக ஏற்கிறேன். அதன் மேற்பகுதியில் மட்டும் மாறுபடுகிறேன். நான் இங்கிலாந்தில் எட்டு ஆண்டுகள் குதிரைப் பண்ணைகளில் களம் அமைக்கும் குழுவில் வேலை செய்தவன்.

இறுகிய தளத்தின் மேல் நேரடியாக மணல் போட்டால், தண்ணீர் மணலின் ஊடாகப் பக்கவாட்டில் ஓடிவிடும் என்பது நடைமுறையில் நடப்பதில்லை. மணலூடாகத் தண்ணீர் ஓடும் வேகம் பற்றி 1856-இல் பிரான்சின் திஜோன் நகரில் டார்சி கண்டறிந்த விதியைக் கொண்டே கணக்கிடலாம். நடுத்தரக் கரடு மணலில், நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில், தண்ணீர் ஒரு நாளைக்கு ஓர் அடியளவுகூட நகராது. மிக நல்ல கரடு மணலானாலும் பத்து மீட்டரைக் கடக்க நாட்கணக்காகும். அதுவரை மணலின் அடிப்பாதி ஊறியே கிடக்கும். அதே சரிவில் தூசியற்ற 20 மில்லிமீட்டர் ஜல்லிக்குள் அந்தப் பத்து மீட்டரைத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆகவே மணலுக்கும் மேடைக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் கழுவிய ஜல்லி கட்டாயம் வேண்டும். தண்ணீர் மணலில் நேராகக் கீழே இறங்கி, ஜல்லியில் பக்கவாட்டாக ஓட வேண்டும்.

அங்கே நாங்கள் மீன்முள் வடிவில் ஐந்து மீட்டருக்கு ஒரு குழாய் பதிப்போம். ஆனால் அங்கே குளிர்காலம் முழுவதும் சிறு தூறலாகப் பெய்யும். மண்ணும் உடுமலை வெயிலில் காய்வது போல ஆழமாகக் காய்ந்து வெடிப்பது அரிது. கரிசலுக்குள் குறுக்குக் குழாய் வேண்டாம் என்ற அவருடைய கருத்தோடு நான் ஒத்துப்போகிறேன். குழாயைக் களத்தின் கிழக்கு விளிம்புக்கு வெளியே மட்டும் வையுங்கள்.

மண்ணியல் பொறியாளர் எழுதியது:

நண்பர் கூறுவது சரி. வெட் மிக்ஸ் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். சாலைத் தளத்தை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். சாலையில் தண்ணீர் மேற்பரப்பில் ஓடுகிறது. இங்கே அது மணலுக்குள் மாட்டிக்கொள்ளும் என்பதை எண்ணியிருக்க வேண்டும்.

அப்படியானால் கீழிருந்து மேலாக அமைப்பு இப்படி இருக்கட்டும்: சரிவாகச் சமன் செய்த கரிசல், அதன் மேல் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் செயற்கைத் துணி), 45 சென்டிமீட்டர் கிராவல் மேடை, 15 சென்டிமீட்டர் கழுவிய ஜல்லி, இரண்டாம் துணி, மணல். துணியின் ஓரங்கள் ஓர் அடி ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். கீழ்த் துணி கிராவல் வெடிப்பில் இறங்காமல் தாங்கும். மேல் துணி மணல் ஜல்லிக்குள் இறங்காமல் தடுக்கும்.

மேற்கே, தென்னைக்கும் களத்துக்கும் இடையில், 1.2 மீட்டர் ஆழத்தில் தடுப்பு வடிகால் ஒன்று வெட்டுங்கள். துணி விரித்து, 110 மில்லிமீட்டர் துளைக்குழாய் வைத்து, 40 மில்லிமீட்டர் ஜல்லியால் நிரப்புங்கள். அதன் களத்துப் பக்கச் சுவரில் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் தாளை நிறுத்திவிட்டால் கசிவும் தாண்டாது, தென்னை வேரும் எளிதில் தாண்டாது. வேர் குழாய்க்குள் நுழைவதற்கு வாய்ப்பு உண்டு. ஆகவே இரண்டு முனையிலும் திறந்து பார்க்கத்தக்க தொட்டி வையுங்கள்.

வேலையைச் சித்திரை வெயிலில் தொடங்காதீர்கள். வெடித்துக் கிடக்கும் கரிசலின் மேல் மேடை போட்டால், அடுத்த மழையில் அது அடியிலிருந்து தூக்கும். தை மாதக் கடைசியில், மண் ஈரம் அடங்கிச் சேறாகவும் இல்லாமல் வெடிக்கவும் தொடங்காமல் இருக்கும் சில வாரங்களில் கரிசலை இறுக்கி உடனே மூடிவிட வேண்டும்.

கடலோர மணல் எழுதியது:

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தண்ணீர் இறங்குவதில் குறையில்லை. கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடுவதுதான் எங்கள் தொல்லை. மணலைப் பற்றி மட்டும் ஒரு சொல்: கடற்கரை மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் களத்துக்கு வாங்க வேண்டாம். உருண்டு தேய்ந்த மணி என்பதால் குளம்பின் அடியில் கோலிக்குண்டு போல உருளும். அதில் உள்ள உப்பு லாடத்தையும் அரிக்கும்.

பயிற்சியாளர் எழுதியது:

மணல் தேர்வைப் பற்றி நானும் எழுத நினைத்திருந்தேன். எம்-சாண்டின் மணி கோணலாக இருப்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அது நல்லதே. ஆனால் இந்தியத் தரநிர்ணயம் கட்டுமானத்துக்கான உடைமணலில் 75 மைக்ரானுக்கும் குறைவான தூசியை 15 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. கான்கிரீட்டுக்கு அது தீங்கில்லை. களத்தில் அதே தூசி மழையில் துணியை அடைக்கும், கோடையில் காற்றில் எழுந்து குதிரையின் நுரையீரலுக்கும் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் போகும். ஆகவே நன்கு கழுவிய மணலையே கேட்டு வாங்குங்கள். கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மீதித் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். மணலின் மேல் படியும் சேற்று அடுக்கு தாள் கனத்துக்கு மேல் இருந்தால் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். முதல் வண்டியில் மட்டும் பார்த்தால் போதாது; ஒவ்வொரு வண்டியிலும் பாருங்கள்.

முதலில் ஏழு சென்டிமீட்டர் மட்டும் போட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டு வாரம் ஓட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கூட்டுவது எளிது, குறைப்பது கடினம். கூட்டி முடித்த பின், சுற்றுப்பாதையில் துணியின் மேல் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் மணல் நிற்க வேண்டும். குளம்பு துணியை ஒரு முறை கிழித்துவிட்டால் அந்த இடத்தில் ஜல்லி மேலே வந்துகொண்டே இருக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று தென்னைநார்க் கழிவைக் கலக்கச் சொல்வார்கள். கோடையில் ஈரம் காக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஓரிரு ஆண்டில் மக்கிப் பொடியாகி, நாம் பணம் கொடுத்து நீக்கிய அதே தூசியாக மணலுக்குள் திரும்பிவிடும். அதைவிட மாலையில் தண்ணீர் தெளிப்பது மேல். 800 சதுர மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம் 4,000 லிட்டர் வேண்டும். கோடையில் அவ்வளவும் ஒரே நாளில் ஆவியாகிவிடும். வடிகால் தண்ணீரைப் பண்ணைக்குட்டையில் சேர்த்து வைத்தால் கோடையின் தொடக்கத்திலாவது கைகொடுக்கும்.

உடுமலைக் கரிசல் எழுதியது:

நீண்ட இடைவெளிக்குப் பின் எழுதுகிறேன். தை கடைசியில் தொடங்கிய வேலை பங்குனியில் முடிந்தது.

பழைய மணலை அள்ளியபோது அதில் பாதி கருத்திருந்தது; அதைத் தென்னந்தோப்புக்குப் போட்டுவிட்டோம். குழியை அதே கரிசலால் அடுக்கடுக்காக நிரப்பி, ரோலர் ஓட்டி, இங்கே தீர்மானித்த அமைப்பை அப்படியே பின்பற்றினோம். ஒவ்வொரு கிராவல் அடுக்கிலும் கொத்தனாரின் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளியில் சரிவைப் பார்த்தோம். கிணற்று மேடையில் ஒரு நிலையான மட்டக்குறி இட்டு, எல்லா அளவையும் அதிலிருந்தே எடுத்தோம். ஒரு வண்டி ஜல்லி தூசியோடு வந்தது. கழுவித் தருவதாகச் சொன்னார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். ஓரத்துக்குப் பனைமரச் சட்டங்களை நிறுத்தி, கிழக்குப் பக்கத்தில் மட்டும் அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டோம்.

தண்ணீர் போகும் இடம் பற்றித்தான் மனத்தாங்கல் வர இருந்தது. முதலில் திட்டமிட்ட பாதை கீழ்ப்பக்கத்துத் தோட்டக்காரரின் வரப்பை ஒட்டிச் சென்றது. அவருடைய வெங்காயக் காட்டுக்குள் எங்கள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டது முற்றிலும் நியாயமானது. பாதையை மாற்றி, எங்கள் நிலத்திலேயே ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, அது நிரம்பி வழிந்தால் மட்டும் ஓடைக்குப் போகுமாறு குழாய் அமைத்தோம்.

ஐப்பசியில் ஒரே இரவில் எங்கள் மழைமானியில் 74 மில்லிமீட்டர் பதிவானது. கணக்குப்படி களத்தின் மீது மட்டும் 59,200 லிட்டர் விழுந்திருக்கிறது. விடியற்காலையில் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தேன். மேற்பரப்பில் எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. கிழக்குக் குழாய் முழு வாயோடு குட்டைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் மாலை மார்வாரியை ட்ராட் என்ற மெல்லோட்டத்தில் ஓட்டினோம். குளம்புத் தடத்தில் ஒரு துளி கருமண் இல்லை. மேற்குத் தடுப்பு வடிகாலில் மழை நின்ற பின்னும் நான்கு நாள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்பு அது அத்தனையும் எங்கள் மணலுக்குள் அல்லவா நின்றிருக்கும்! பெண் குதிரை இப்போது கையில் பிடித்து நடக்கிறது, நொண்டல் இல்லை.

ஒரு குறை மட்டும் உள்ளது. வடகிழக்கு மூலையில், தட்டளவுக்கு ஓர் இடத்தில், இரண்டாம் மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கி ஒரு நாள் கழித்தே போகிறது. மேடை இறங்கிவிட்டதோ என்று கவலையாக உள்ளது.

மண்ணியல் பொறியாளர் எழுதியது:

மகிழ்ச்சி, ஐயா. மேடை இறங்கியதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் கிணற்று மேடையில் குறி இட்டீர்கள். துணியைக் குத்தாத மழுங்கிய முனையுள்ள கம்பியால் அந்த மூலையில் மணலின் ஆழத்தை அளந்து, துணி மட்டத்தை டியூப் லெவலில் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். மட்டம் மாறாமல் மணல் மட்டும் குறைந்திருந்தால், குதிரை திரும்பும் இடத்தில் மணல் ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். சட்டத்தின் அடி இடைவெளியையும் பாருங்கள்.

உடுமலைக் கரிசல் எழுதியது:

இன்று காலை அளந்தேன். துணி மட்டம் பங்குனியில் குறித்ததோடு இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள் உள்ளது. மணல் அந்த மூலையில் ஆறு சென்டிமீட்டர்தான். அதற்கு ஒரு மீட்டர் உள்ளே பதினான்கு. சட்டத்தின் அடி இடைவெளியில் சாணமும் மணலும் சேர்ந்து இறுகி அடைத்திருந்தன. கம்பியால் நெம்பியவுடன் தேங்கிய நீர் கண்ணெதிரே இறங்கியது. ஒதுங்கிய மணலை மூலைக்கு இழுத்துவிட்டோம். சாணத்தை அன்றாடம் இரு வேளை அள்ளவும், சனிக்கிழமைதோறும் கிழக்கு இடைவெளி முழுவதையும் கம்பியால் துழாவவும் லாயத்தில் ஆள் குறித்து எழுதி ஒட்டிவிட்டேன்.